சொந்தக் காசில் வாங்கிய ரைஃபிள்: பிரிட்டிஷ் தொண்டர் படைக் காலத்துக் கேப் துப்பாக்கிகளை அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

பழைய ஆயுதங்களைச் சேகரிப்பவர்களிடையே மிகுதியாகத் தவறாக அடையாளம் காணப்படுபவை, 1859ஆம் ஆண்டிலும் அதைத் தொடர்ந்த பத்தாண்டுகளிலும் பிரிட்டனின் தொண்டர் படையினர் சொந்தப் பணத்தில் வாங்கிய கேப் துப்பாக்கிகள், அதாவது சிறு செம்புக் கேப் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் துப்பாக்கிகள்தாம். அரசு முத்திரை இல்லாத என்ஃபீல்டு (பிரிட்டிஷ் ராணுவத்தின் அன்றைய ரைஃபிள்) ஒன்று கிடைத்தவுடன் அதைத் தொண்டர் ரைஃபிள் என்று எழுதிவிடுவோர் உண்டு; உண்மையான தொண்டர் ரைஃபிளைக் கையில் வைத்துக்கொண்டே அதை வெறும் ராணுவத் துப்பாக்கி என்று கருதி, அதன் எழுத்துகளை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிடுவோரும் உண்டு. இரண்டாவது தவறைத் திருத்தவே முடியாது என்பதால், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பவற்றை ஓரளவு விரிவாகவே எழுதுகிறேன்.

பின்னணியைத் தெரிந்துகொள்ளுதல்

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் காலவரிசையை மனத்தில் நிறுத்திக்கொள்வது அவசியம். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பகுதியைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத் என்ற பாதிரியார், தட்டினால் வெடிக்கும் ரசாயனப் பொடியைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான், குழலின் பின்முனையிலுள்ள நிப்பிள் என்ற சிறு துளைமுனையின் மேல் செம்புக் கேப்பைப் பொருத்தி, குதிரை எனப்படும் சுத்தியல் போன்ற உறுப்பால் அடிக்கும் அமைப்பு. மழையிலும் காற்றிலும் ஏமாற்றிய சக்கிமுக்கிக் கல்லை அது ஓரங்கட்டியது. இந்த அமைப்பின் முதிர்ந்த வடிவமாக 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் வந்தது. அதன் குழல் விட்டம் .577 அங்குலம், குழலின் நீளம் 39 அங்குலம். குழலைக் கட்டையோடு பிணைக்க மூன்று வளையங்கள். உள்ளே, ரவையைச் சுழலச் செய்யும் மூன்று வரிப்பள்ளங்கள் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றாகத் திரும்பும்.

1858 ஜனவரி 14 அன்று பாரிஸில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் கொல்ல ஓர்சினி என்ற இத்தாலியர் குண்டு வீசினார். அந்தக் குண்டுகள் பர்மிங்காமில் செய்யப்பட்டவை என்று தெரிந்ததும் பிரான்சில் எழுந்த ஆத்திரம், பிரெஞ்சுப் படையெடுப்பு வரலாம் என்ற அச்சத்தைப் பிரிட்டனில் கிளப்பியது. 1859 மே 12 அன்று போர்த்துறைச் செயலர் ஜோனதன் பீல், தொண்டர் ரைஃபிள் படைகளைத் திரட்டலாம் என்று மாவட்டங்களில் அரசியின் பிரதிநிதிகளான லார்டு லெஃப்டினன்டுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். நம் ஆய்வு முழுவதற்கும் அடிப்படை அதிலுள்ள ஒரு நிபந்தனை: ஆயுதமும் உடையும் உறுப்பினர் செலவு, ஆனால் குழலின் விட்டம் ராணுவத்தின் விட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். ரவையும் மருந்தும் பொதுவாக இருக்க வேண்டும் என்பதே காரணம். தனியார் பணத்தில் வாங்கிய துப்பாக்கி, அளவில் மட்டும் அரசுத் துப்பாக்கியைப் போல இருப்பது இதனால்தான்.

ஆனால் இந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. 1859 ஜூலையிலேயே நூறு பேருக்கு 25 ரைஃபிள்கள் என்ற கணக்கில் அரசு வழங்கத் தொடங்கியது. அந்த விகிதம் படிப்படியாக உயர்ந்து, 1860 வாக்கில் எல்லோருக்கும் அரசே ஆயுதம் தரும் நிலை வந்தது. 1862 ஏப்ரல் 1 அன்று தொண்டர் படையில் 1,62,681 பேர் இருந்ததாக அரச ஆணையத்தின் அறிக்கை கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோரின் கையில் இருந்தவை அரசின் உடைமையான, விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி.ஆர். முத்திரை கொண்ட ரைஃபிள்கள். ஆகவே, அணிவகுப்புக்காகவே சொந்தக் காசில் வாங்கிய .577 ரைஃபிளுக்கு உரிய காலம் ஏறத்தாழ ஓராண்டுதான். அதன் பிறகு தனியார் வாங்கியவற்றில் பெரும்பகுதி, குறி பார்த்துச் சுடும் போட்டிகளுக்கான சிறுதுளை ரைஃபிள்கள். இந்த இரண்டு வகைகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சொல்லைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. விற்பனைப் பட்டியல்களில் இவற்றை மிலிஷியா துப்பாக்கி என்று எழுதுவது வழக்கம். பிரிட்டனில் மிலிஷியா என்பது சட்டப்படி அரசு திரட்டி, அரசே ஆயுதம் கொடுத்த தனிப்படை. தொண்டர் படை அதிலிருந்து வேறானது. மிலிஷியாவின் துப்பாக்கியில் அரசு முத்திரை இருப்பதுதான் இயல்பு.

முதல் படி: உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்த்தல்

நூற்றைம்பது ஆண்டுகளாகச் சுவரில் தொங்கிய துப்பாக்கிக்குள்ளும் கெட்டித்த மருந்து இருக்கலாம். ஈரம் படாத கருமருந்து இத்தனை காலத்துக்குப் பிறகும் பற்றிக்கொள்ளும். குழலின் வாயை ஆளில்லாத திசைக்குத் திருப்பி, முகத்தை விலக்கிக்கொண்டு, நிப்பிளின் மேல் கேப் இல்லை என்பதைக் கண்ணால் உறுதி செய்யுங்கள். பிறகு ஒரு மெல்லிய மரக்குச்சியை வாய் வழியாக மெதுவாக உள்ளே விட்டு, அது நிற்கும் இடத்தில் வாயின் விளிம்போடு ஒட்டி அடையாளமிடுங்கள். குச்சியை வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால், அதன் நுனி நிப்பிள் இருக்கும் இடம் வரை வர வேண்டும். ஓரிரு அங்குலம் முன்னதாகவே நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். அதை நீங்களே நோண்டி எடுக்க முயலாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுங்கள். இந்தச் சோதனை முடியும் வரை குதிரையை இழுத்துப் பார்க்கவே கூடாது.

இரண்டாம் படி: அளவெடுத்தல்

குழலின் நீளத்தை வாயிலிருந்து பின்முனை வரை அளந்து எழுதுங்கள். 39 அங்குலமும் மூன்று வளையங்களும் இருந்தால் நீள என்ஃபீல்டு வடிவம். 33 அங்குலமும் இரண்டு வளையங்களும் இருந்தால் குட்டை ரைஃபிள். 24 அங்குலம் பீரங்கிப் படையின் கார்பைன் என்ற இன்னும் குட்டையான துப்பாக்கி. 21 அங்குலம் குதிரைப்படையின் கார்பைன். ராணுவத்தில் குட்டை ரைஃபிள் சார்ஜென்டுகளுக்கும் ரைஃபிள் படைப்பிரிவுகளுக்கும் உரியதாக இருந்தது.

அடுத்து, வாயின் விட்டத்தை வெர்னியர் அளவியால் பாருங்கள். ஏறத்தாழ .577 அங்குலம் வந்தால் ராணுவ அளவு. .451 அங்குலத்துக்கு அருகே வந்தால் அது சிறுதுளை ரைஃபிள். நேராக ஆறாம் படிக்குப் போய்விடலாம். .656 அங்குலம் வந்து, உள்ளே வரிப்பள்ளமே இல்லாமல் வழவழப்பாக இருந்தால், அதற்கும் பிரிட்டனின் தொண்டர் படைக்கும் தொடர்பில்லை. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, இந்தியச் சிப்பாய்களின் கையில் ரைஃபிளைக் கொடுக்க அஞ்சிய ஆட்சியாளர்கள், வெளித்தோற்றத்தில் என்ஃபீல்டைப் போலவும் உள்ளே வரியில்லாமலும் செய்வித்த 1858 மாதிரி மஸ்கட் அது. நம் நாட்டில் கிடைக்கும் என்ஃபீல்டு வடிவத் துப்பாக்கிகளை ஆராய்பவர்கள் இந்த அளவை முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது. சென்னையிலும் 1857இல் தொண்டர் காவல் படை ஒன்று திரட்டப்பட்டது என்றாலும், 1859ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் கீழ் அமைந்த பிரிட்டிஷ் படைகளோடு அதைச் சேர்க்கக் கூடாது.

மூன்றாம் படி: லாக் தகட்டைப் படித்தல்

வலப்பக்கத்தில் குதிரை பொருந்தியிருக்கும் தகட்டை லாக் தகடு என்போம். அரசுத் துப்பாக்கியில், அதன் பின்புறத்தில் கிரீடமும் அதன் கீழ் விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி.ஆர். எழுத்துகளும் இருக்கும், குதிரைக்கு முன்னால் ஆண்டும், என்ஃபீல்டு அல்லது டவர் என்ற சொல்லும் இருக்கும். அரசு உடைமைக்கான அம்புக்குறி முத்திரையும், கிரீடத்தின் கீழ் எண் கொண்ட சிறிய பரிசோதகர் முத்திரைகளும் பல உறுப்புகளில் காணப்படும்.

தனியாருக்காகச் செய்த துப்பாக்கியிலும் கிரீடம் இருக்கலாம். ஆனால் கிரீடத்தின் கீழ் வி.ஆர். இருக்காது. பலர் ஏமாறும் இடம் டவர் என்ற சொல். லண்டன் கோபுரத்தில் செய்யப்பட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். பர்மிங்காமின் தனியார் பட்டறைகள், வாங்குபவருக்கு நம்பிக்கை பிறக்கட்டும் என்று அந்தச் சொல்லைத் தங்கள் தகடுகளில் தாராளமாகப் பொறித்தன. டவர் என்ற சொல், கிரீடம், 1859 அல்லது 1860 என்ற ஆண்டு, வி.ஆர். இல்லாமை ஆகிய நான்கும் சேர்ந்தால், நாம் தேடும் காலத்துக்குள் வந்துவிட்டோம் என்று கொள்ளலாம். தகட்டில் ஹாலிஸ் அண்டு ஷீத், டிப்பிங் அண்டு லாடன் போன்ற பர்மிங்காம் செய்வோரின் பெயரோ, வேறொரு நகரத்துத் துப்பாக்கி வணிகரின் பெயரோ இருந்தால், அந்தச் சாத்தியம் இன்னும் வலுப்பெறும். லண்டன் ஆர்மரி கம்பெனியின் ரைஃபிள்கள் தனி வகுப்பு: 1856இல் தொடங்கிய அந்நிறுவனம் இயந்திரத்தால் செய்தபடியால், ஒரு ரைஃபிளின் உறுப்பு மற்றொன்றில் அப்படியே பொருந்தும். பர்மிங்காமின் கைவினைத் துப்பாக்கிகளில் அது நடக்காது.

நான்காம் படி: குழலின் சோதனை முத்திரைகள்

அரசு முத்திரை இல்லாத துப்பாக்கிக்கு உண்மையான பிறப்புச் சான்று இங்கேதான் இருக்கிறது. தனியாருக்கு விற்கப்படும் எந்தக் குழலும், அதிக மருந்திட்டு வெடித்துச் சோதிக்கும் சோதனை இல்லத்தைக் கடந்தாக வேண்டும் என்பது சட்டம். குழலின் பின்முனைக்கு அருகே, பெரும்பாலும் இடப்பக்கத்தில், அதன் முத்திரைகளைத் தேடுங்கள். குறுக்கிட்ட இரண்டு செங்கோல்களும் மேலே கிரீடமும் பி.பி.சி. எழுத்துகளும் இருந்தால் பர்மிங்காம். கிரீடத்தின் கீழ் பின்னிப்பிணைந்த ஜி.பி. எழுத்துகளும், தனியே கிரீடத்தின் கீழ் வி எழுத்தும் இருந்தால் லண்டன்.

அவற்றின் அருகில் ஒரு சிறிய எண் பொறித்திருப்பார்கள். ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தத் துளைக்குப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை வார்க்கலாம் என்ற பழைய கணக்கு அது. .577 குழல்களில் 24 அல்லது 25 என்றும், .451 குழல்களில் 52 என்றும் இருக்கும். இந்த எண்ணும் நீங்கள் அளந்த விட்டமும் பொருந்தவில்லை என்றால், துளை பின்னாளில் அகலப்படுத்தப்பட்டிருக்கலாம். அல்லது குழல் மாற்றப்பட்டிருக்கலாம். கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்று இருந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த பர்மிங்காம் முத்திரை. பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் செய்த நவீன நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். இத்தாலிய நகல்களில் நட்சத்திரமும் பி.என். எழுத்துகளும் கொண்ட முத்திரை இருக்கும்.

ஐந்தாம் படி: அமெரிக்காவுக்குப் போனவற்றைப் பிரித்தல்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தாம் பெரும்பாலும் தவறு செய்கிறார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரு தரப்பினரும் பர்மிங்காமிலும் லண்டனிலும் என்ஃபீல்டுகளை லட்சக்கணக்கில் வாங்கினர். அவற்றிலும் வி.ஆர். கிடையாது, அம்புக்குறி கிடையாது, தனியார் சோதனை முத்திரைகள் மட்டுமே உண்டு. முத்திரையின் இன்மையை மட்டும் வைத்துத் தொண்டர் ரைஃபிள் என்று தீர்மானிப்பது ஏன் பிழை என்பது இப்போது விளங்கும்.

ஆண்டை முதலில் பாருங்கள்: 1861, 1862, 1863 என்ற ஆண்டுகளும் எளிய மெருகும் சேர்ந்தால் அமெரிக்க ஏற்றுமதியை முதலில் ஐயுறுங்கள். விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தின் பின்னால் கட்டையில் ஜே.எஸ். என்ற எழுத்துகளும் கீழே நங்கூரமும் பதிந்திருந்தால், அது தென்மாநிலக் கூட்டமைப்பின் கொள்முதலுக்கான பரிசோதகர் முத்திரை. தோளில் பதியும் அடிக்கட்டைத் தகட்டின் நாக்கில் பொறித்த எண் மட்டும் இருப்பது எதையும் நிரூபிக்காது. தென்மாநிலத்தார் வாங்கியவற்றிலும் அந்த இடத்தில் எண் பொறிக்கப்பட்டதுண்டு. தொண்டர் படைகளும் தங்கள் ரைஃபிள்களுக்கு எண்ணிட்டன. எண்ணோடு மாவட்டத்தின் பெயர்ச் சுருக்கமும் படையின் வரிசை எண்ணும் சேர்ந்திருந்தால்தான் அது தொண்டர் படையின் சான்றாகும்.

மெருகு நல்ல சாட்சி. தனி மனிதர் ஒருவர் தன் பணத்தில் வாங்கியதில் கைவேலை தெரியும்: பிடிக்குமிடத்திலும் முன்கட்டையிலும் நுண்ணிய கட்டங்களாகக் கீறிய சொரசொரப்பு, லாக் தகட்டின் ஓரங்களில் கொடிவேலைப்பாடு, பிடியின் மேற்புறத்தில் பெயர் பொறிக்கப் பதித்த வெள்ளித் தகடு, தேர்ந்தெடுத்த வால்நட் மரத்தின் ரேகை. படைக்காக மொத்தமாக வாங்கியவற்றில் இவை குறைவாக இருக்கும். ஏற்றுமதிச் சரக்கில் ஏறக்குறைய இருக்கவே இருக்காது.

ஆறாம் படி: சிறுதுளை ரைஃபிள்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தொண்டர் படை துப்பாக்கித் தொழிலுக்குச் செய்த உண்மையான கொடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மான்செஸ்டரின் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், குழலின் துளையை அறுகோணமாக்கி, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வேகமான முறுக்கைக் கொடுத்து, .451 அங்குல விட்டத்தில் ஒரு ரைஃபிளைச் செய்தார். 1857இல் ஹைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் நடந்த ஒப்பீட்டில், 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடியாக இருக்க, விட்வொர்த்தின் விலகல் 0.37 அடியாக இருந்தது. துளை சிறியதாதலால் கரி விரைவில் படிகிறது என்பதும், விலை பல மடங்கு என்பதும் ராணுவத்தைத் தயங்க வைத்தன. ஆனால் கையில் காசும் போட்டியில் ஆர்வமும் கொண்ட தொண்டர்களுக்கு அது தடையாகவில்லை. 1859இல் நிறுவப்பட்ட தேசிய ரைஃபிள் சங்கம் 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் முதல் கூட்டத்தை நடத்தியபோது, தாங்கியில் பொருத்தப்பட்ட விட்வொர்த் ரைஃபிளால் 400 கஜத்திலிருந்து முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா அரசியே. அந்தக் கூட்டத்தில் 250 பவுண்டு அரசிப் பரிசை யார்க்‌ஷயரைச் சேர்ந்த எட்வர்டு ராஸ் வென்றார். அந்தப் பரிசுக்கும் புகழுக்கும் போட்டியிட்டவர்களின் தேவைதான் அடுத்த பத்தாண்டுகளின் துப்பாக்கி வடிவங்களைத் தீர்மானித்தது.

அடையாளம் காணும் முறை எளிது. குழலின் வாயைக் கைவிளக்கால் பாருங்கள். ஆறு தட்டையான முகங்கள் தெரிந்தால் விட்வொர்த் முறை. ஏழு பக்கங்கள் கொண்ட அமைப்பு, எடின்பரோவின் அலெக்சாண்டர் ஹென்றி 1860இல் காப்புரிமை பெற்ற முறை. ரம்பப் பல்லைப் போல ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் ஆறு பள்ளங்கள் இருந்தால், லண்டன் ஆர்மரி கம்பெனி செய்த கெர் ரைஃபிள் என்று கருதலாம். டப்ளினின் ரிக்பி, பிரிஸ்டலின் கிப்ஸ் ஆகியோரின் பெயர்களும் குழலின் மேல் கிடைக்கும். குதிரைக்கு முன்னால் நகர்த்தும் பாதுகாப்புத் தாழ்ப்பாள், பிடியின் மேல் நிமிர்த்தக்கூடிய குறித்துளைத் தண்டு, காற்றின் போக்குக்கு ஏற்பப் பக்கவாட்டில் நகரும் முன்குறி ஆகியவை போட்டி ரைஃபிளுக்கே உரியவை.

செய்தவரின் பெயர் காலத்தையும் சொல்லும். லாக் தகட்டில் மான்செஸ்டர் ஆர்ட்னன்ஸ் அண்டு ரைஃபிள் கம்பெனி என்று இருந்தால், அந்நிறுவனம் 1862இல் தொடங்கிச் சில ஆண்டுகளே இயங்கியதால், காலம் தானாகவே சுருங்கிவிடும்.

ஏழாம் படி: உள்ளே பார்த்தல்

லாக்கைக் கழற்றுவது கட்டாயமில்லை. ஆனால் வெளியில் பெயரே இல்லாதபோது உட்புறம் பேசும். திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி கையில் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடாதீர்கள். குதிரையைப் பாதி நிலையில் வைத்து, இடப்பக்கத் திருகுகளைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தி, அவற்றின் தலையில் மரப்பிடியால் மெல்லத் தட்டினால் லாக் கட்டையிலிருந்து விலகும். உட்புறத்தில் ஜோசப் பிரேசியர் என்ற வுல்வர்ஹாம்ப்டன் லாக் வல்லுநரின் பெயரோ ஜே.பி. எழுத்துகளோ இருந்தால், வாங்கியவர் உயர்தர வேலையை விரும்பியவர் என்று உறுதியாகச் சொல்லலாம். குழலின் அடிப்பக்கத்தில் எஸ்ரா மில்வார்டு போன்ற குழல் செய்வோரின் பெயர்கள் கிடைக்கும். ஒரே துப்பாக்கியில் நான்கைந்து பட்டறைகளின் முத்திரைகள் இருப்பது ஐயத்துக்குரியதன்று. பர்மிங்காம் தொழில் அப்படித்தான் இயங்கியது.

எட்டாம் படி: பெயரிலிருந்து மனிதரைத் தேடுதல்

வெள்ளித் தகட்டிலோ அடிக்கட்டைத் தகட்டிலோ பெயர் இருந்தால், அவர் அதிகாரியாக இருந்தாரா என்பதை அரசிதழான லண்டன் கெசட்டில் தேடலாம். தொண்டர் படை அதிகாரிகளின் நியமனங்கள் அதில் வெளியாயின. பரிசு ரைஃபிள் என்றால் உள்ளூர்ச் செய்தித்தாள்களின் போட்டி முடிவுகள் உதவும். படையின் எண்ணைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: படைகள் மாவட்டவாரியாக எண்ணிடப்பட்டன, 1880 வாக்கில் பல எண்கள் மாறின. ஓவியர்கள் சேர்ந்து அமைத்த ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைஃபிள்ஸ், தொடக்கத்தில் மிடில்செக்ஸின் 38ஆம் படை. 1880இல் 20ஆம் படை ஆனது. எனவே கேப் ரைஃபிளில் உள்ள எண்ணை, பின்னாள் பட்டியலோடு ஒப்பிட்டால் வேறொரு படையில் போய் நிற்பீர்கள்.

போலிகளைப் பற்றி ஒரு சொல். பழைய எளிய என்ஃபீல்டில் புதிதாகப் படையின் பெயரைப் பொறித்து விலையை ஏற்றுவது நடக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் எழுத்தின் ஓரங்களைப் பாருங்கள்: சுற்றியுள்ள பரப்பில் துருக்குழிகள் இருக்க, எழுத்தின் பள்ளம் மட்டும் கூர்மையாகவும் வெளிச்சமாகவும் இருந்தால், எழுத்து துருவைவிட இளையது. நேபாளத்தில் செய்யப்பட்ட என்ஃபீல்டு வடிவத் துப்பாக்கிகளும் சந்தைக்கு வந்துள்ளன. தேவநாகரி எழுத்துகளைக் கொண்டு அவற்றைப் பிரித்தறியலாம்.

ஒன்பதாம் படி: காத்தல்

கம்பித் தூரிகை, உப்புத்தாள், மெருகேற்றும் பசை ஆகியவற்றை அருகில் கொண்டுவராதீர்கள். பழுப்பேறிய பரப்புதான் அந்தத் துப்பாக்கியின் வயதுக்குச் சாட்சி. அதை உரித்து வெள்ளையாக்கியவர், அதன் முத்திரைகளில் பாதியையும் சேர்த்து உரித்துவிடுகிறார். மெல்லிய எண்ணெயில் நனைத்த பருத்தித் துணியால் துருத் தூளைத் துடைத்தெடுத்து, நுண்படிக மெழுகை இரும்பிலும் மரத்திலும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்று படாத, ஈரம் ஏறாத இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. வெறுங்கையால் இரும்பைத் தொட்டால் வியர்வையின் ரேகை துருவாக மலரும். பருத்திக் கையுறை போதும்.

பத்தாம் படி: சட்டம்

பிரிட்டனில் 1968ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, காட்சிப் பொருளாகவோ அரும்பொருளாகவோ வைத்திருக்கும் தொன்மைத் துப்பாக்கிக்கு விலக்களிக்கிறது. சுடுவதற்காக வைத்திருந்தால் அந்த விலக்கு பொருந்தாது, உரிமம் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழைய மாதிரியானதோ தொன்மை மதிப்புள்ளதோ ஆன ஆயுதங்களுக்கு விலக்களித்தாலும், பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பவற்றுக்கே அது பொருந்தும். சுடக்கூடிய கேப் ரைஃபிள், எத்தனை பழையதானாலும், உரிமத்துக்கு உட்பட்டது. வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று கண்டெடுக்கப்பட்டால், அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கோ நண்பர் வீட்டுக்கோ போகாமல், முதலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ, மாநகரமாயின் காவல் ஆணையர் அலுவலகத்திலோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். நூறாண்டு கடந்த தொன்மைப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது.

அளவுகளையும் முத்திரைகளையும் படி வாரியாக ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு முத்திரையையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து, அந்தக் குறிப்பைத் துப்பாக்கியோடேயே வையுங்கள். உங்களுக்குப் பிறகு அது யார் கைக்குப் போனாலும், வெள்ளித் தகட்டில் பெயர் பொறித்துக்கொண்ட அந்தத் தொண்டரைத் தேடும் வேலையை அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.